இருபத்தாறு டீச்சரும் ஒரு சாரும்

கேன் லேக் தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு டீச்சர்கள், ஒரே ஒரு சார். அந்தச் சாரின் பெயர் லெமுவேல் டார்ப்ளி. மூன்றாம் வகுப்பு எடுப்பவர். ஆறடி மூன்று அங்குல உயரம், சர்ச்சில் பாடும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிற குரல், மிசிசிப்பி வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் டை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். டார்ப்ளியோ நிஜமாகவே நல்ல வாத்தியார். அப்படியானால் அந்தப் பள்ளியில் அவருக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ் இயந்திரத்தில் தாள் சிக்கினால் டார்ப்ளி. விளையாட்டுக் கொட்டகையில் பாம்பு நுழைந்தால் டார்ப்ளி. புத்தகப் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கினால் டார்ப்ளி. இதெல்லாம்கூடப் போகட்டும். எந்த வகுப்பில் எந்தப் பையன் முரண்டு பிடித்தாலும், கெட்ட வார்த்தை பேசினாலும், மேசைக்கடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கென்றே அவர் இடுப்பில் ஒரு வாக்கி டாக்கியைச் சொருகி வைத்திருந்தார்கள். அது கரகரத்தால் எழுந்து ஓட வேண்டும்.

"டார்ப்ளி சார், கொஞ்சம் பாலர் வகுப்புக்கு வர்றீங்களா? பூக்கி மறுபடியும் நாற்காலியத் தூக்கிட்டான்."

பூக்கிக்கு வயது ஐந்து. அவனுடைய டீச்சர் ரென்ஃப்ரோ மிஸ்ஸுக்கு இருபத்து மூன்று. இரண்டு பேரும் அந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்திருந்தார்கள், இரண்டு பேரும் தினமும் அழுதார்கள். டார்ப்ளி போய் வாசலில் நின்று, "என்னய்யா பெரிய மனுஷா, வீடு மாத்துறியா?" என்று கேட்பார். நாற்காலி தானாகக் கீழே இறங்கும். பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் இரண்டு நடை நடந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் எடுத்துக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். "உங்க குரலக் கேட்டாலே அடங்கிடுறான் சார், நான் தொண்டை கிழியக் கத்தினேன்" என்பாள் ரென்ஃப்ரோ மிஸ். டார்ப்ளி டையைச் சரிசெய்துகொண்டு கிளம்புவார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இருபத்தாறு பேரால் முடியாதது தன்னால் முடிகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அதற்கு முந்தின மே மாதம், அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த கேவியன் என்ற பையனின் அம்மா ஷரீட்டா பிரின்சிபலைப் பார்க்க வந்தாள். அந்தப் பள்ளியில் மே மாதம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வருஷம் எந்தப் பிள்ளை எந்த டீச்சரிடம் என்று முடிவு செய்ய, பிரின்சிபல் ஒடெஸ்ஸா டில்லரி பிள்ளைகளின் பெயரெழுதிய அட்டைகளை நூலகத் தரையில் பரப்புவார். பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, பையனுக்கு நீலம். டீச்சர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நடந்து நடந்து அட்டைகளை மாற்றி வைப்பார்கள். பெற்றவர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்பது சட்டம். ஷரீட்டா கெளுத்தி மீன் ஆலையில் வேலை முடித்து ரப்பர் பூட்ஸோடு நேரே உள்ளே வந்து, அட்டைகளுக்கு நடுவே நின்றாள்.

"ஷரீட்டா, மீன் வாடைய வச்சு மிரட்டுறியா?" என்றார் டில்லரி அம்மா.

"நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க. என் பையனை டார்ப்ளி சார்கிட்டப் போடுங்க. அவன் பிறந்ததுலருந்து பாக்குறது பூராப் பொம்பளைங்கதான். வீட்ல நானும் எங்க அக்காவும். பஸ் ஓட்டுறது பொம்பளை. சண்டே ஸ்கூல்ல பொம்பளை. ஒண்ணாங் கிளாஸ், ரெண்டாங் கிளாஸ் எல்லாம் பொம்பளை. 'ஏன்டா படிக்க மாட்டேங்குற'ன்னு கேட்டா, 'படிக்கிறது பொம்பளைப் புள்ளைங்க வேலைம்மா'ங்குறான். எட்டு வயசுல!"

"அப்பன் என்ன சொல்றான்?"

"மெம்ஃபிஸ்ல இருக்கான். கிறிஸ்துமஸுக்குக் குரல் வரும். ஆள் வராது."

"உன்ன மாதிரி பதினோரு பேர் வந்து கேட்டுட்டாங்கடி."

"பன்னெண்டா வச்சுக்குங்க."

டில்லரி அம்மா குனிந்து நீல அட்டை ஒன்றை எடுத்து, டார்ப்ளியின் வரிசையில் வைத்தார். அந்த வரிசையில் அப்போதே நீலம் வழிந்துகொண்டிருந்தது.

கேவியன் சத்தம் போடாத பையன். மெலிந்த கழுத்து, பெரிய கண்கள், கேட்டதற்கு மட்டும் பதில். பள்ளி திறந்த முதல் வாரம் டார்ப்ளி பாடம் இல்லாத நேரத்தில் மேசையில் காலை நீட்டி ஒரு கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கேவியன் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தான்.

"சார், யாராவது படிக்கச் சொன்னாங்களா?"

"இல்லையே."

"அப்ப சும்மாவா படிக்கிறீங்க?"

"சும்மாதான். இந்தக் கடல்கொள்ளைக்காரன் மாட்டுவானா, மாட்ட மாட்டானான்னு தெரியணும்."

பையன் அதை யோசித்தான். பிறகு, "மாட்டுவானா?" என்றான். அன்றைக்கு அவன் விழுந்தவன்தான். அடுத்த நாளிலிருந்து வாசிப்புக்கென்று போட்டிருந்த வளைந்த மேசையில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, விரலை வரிமேல் வைத்து, எழுத்து எழுத்தாக உழுதான். அவனுக்கு எழுத்துகள் சுலபத்தில் வசப்படவில்லை. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். ஆனாலும் உட்கார்ந்தான்.

நான்கு வரி போவதற்குள் இடுப்பு கரகரக்கும். "டார்ப்ளி சார், ஐந்தாம் வகுப்புல அடிதடி." டார்ப்ளி எழுவார். "தம்பி, இடத்தை விட்டுடாதே, இதோ வந்துடுறேன்." வர இருபது நிமிஷம் ஆகும். வரும்போது மணியடித்துவிடும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். அவர் திரும்பி வரும்வரை கேவியன் விரலை அதே வரியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடங்கிக் கிடக்கும் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். டார்ப்ளியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. அந்த மாநிலத்தில் மூன்றாம் வகுப்பு வாசிப்புப் பரீட்சையில் தேறாவிட்டால் நான்காம் வகுப்புக்குப் போக முடியாது, அதே வகுப்பில் இன்னொரு வருஷம். இன்னொரு விதியும் இருந்தது: சொந்த வகுப்பு வாத்தியார் அறையில் இருக்கக் கூடாது. ஆகவே கேவியனும் மற்றவர்களும் எதிர் அறையில் ஓட்ஸ் டீச்சரிடம் உட்கார்ந்தார்கள். ஓட்ஸ் டீச்சர் முப்பது வருஷம் பாடம் எடுத்தவர், கோபமே வராதவர்.

இருபதாவது நிமிஷம் எதிர் அறையில் மேசை கவிழும் சத்தம் கேட்டது. வாக்கி டாக்கியில் ஓட்ஸ் டீச்சரின் குரல்: "டார்ப்ளி சார், சீக்கிரம். கேவியன்."

"எந்தக் கேவியன்?" என்று கேட்டார் டார்ப்ளி. அந்தப் பெயரோடு மேசை கவிழ்வதை அவரால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

அவர் போக முடியாது, விதி. டில்லரி அம்மாதான் போய்ப் பையனை வெளியே கூட்டி வந்தார். லேப்டாப் தரையில் இரண்டாகக் கிடந்தது. பரீட்சை செல்லாது. மே மாதம் மறுபரீட்சை, நடுவில் மூன்று வாரம்.

அன்று சாயங்காலம் ஷரீட்டா வந்தாள். கேவியன் அவளுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேளுங்க சார். நான் கேட்டுப் பாத்துட்டேன். வாயே திறக்கல."

டார்ப்ளி முட்டி போட்டு உட்கார்ந்தார். "தம்பி, ஓட்ஸ் டீச்சர் ஏதாவது சொன்னாங்களா?"

இல்லை என்று தலை ஆடியது.

"கேள்வி கஷ்டமா இருந்துச்சா?"

"ஒரு வார்த்தை தெரியல."

"அதுக்கா மேசையைக் கவுத்த?"

கேவியன் தலையைத் தூக்கினான். பிறகு சொன்னான்: "பூக்கி நாற்காலியத் தூக்குனா நீங்க போறீங்க. அஞ்சாங் கிளாஸ் டைரெல் யாரையாவது அடிச்சா போறீங்க. நான் பண்ணா வருவீங்கன்னு நெனச்சேன்."

பள்ளி திறந்த நாளிலிருந்து இந்தப் பையன் கதவைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறான். கணக்கும் சரிதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை அந்தப் பள்ளிக்கூடமே சேர்ந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

ஷரீட்டா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என் புள்ளைக்கு ஒரு ஆம்பளை வாத்தியார் வேணும்னு மீன் நாத்தத்தோட வந்து நின்னேன் சார்," என்றாள். "கிடைச்சார். அவர் முதுகத்தான் அவன் தெனம் பாத்துருக்கான். அதுக்கு அவங்கப்பனே போதுமே." பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை டார்ப்ளி வாக்கி டாக்கியைக் கொண்டுபோய் பிரின்சிபல் மேசையில் வைத்தார்.

"இது என்ன?" என்றார் டில்லரி அம்மா. டார்ப்ளிக்கு ஏழு வயதில் சண்டே ஸ்கூலில் பைபிள் வசனம் சொல்லிக் கொடுத்தவர் அவர்; பள்ளியில் அவரை 'நீ' என்று பேசுகிற ஒரே ஆள்.

"மூணு வாரத்துக்குக் காலையில இது வேண்டாம்மா. கேவியனோட சேத்து என் பையன்கள் அஞ்சு பேர் தேறுற மாதிரி இல்ல. அதுல நாலு பேரை வாசிப்பு நேரத்துல பாதியில விட்டுட்டுப் போயிருக்கேன்."

"லெமுவேல், எனக்கு இருபத்தாறு பொம்பளைங்க, நீ ஒருத்தன். நான் என்ன செய்யட்டும், உன்ன ரெண்டா வெட்டிப் பங்கு வைக்கட்டுமா?"

"இப்ப அதைத்தானேம்மா செய்யறோம். பங்கு யாருக்கும் பத்தல."

"நாலு வருஷமா பேப்பர்ல விளம்பரம் குடுக்குறேன். ஒரு ஆம்பளை எட்டிப் பாக்கல. குடுக்குற சம்பளத்துக்கு எவன் வருவான்? பூக்கி யாரையாவது மண்டைய உடைச்சா நீ பதில் சொல்றியா?"

"சொல்றேன்" என்று சொல்லிவிட்டார் டார்ப்ளி.

சாப்பாட்டு அறையில் டீச்சர்கள் விடவில்லை. "மூணு வாரத்துக்கு ராஜா தரிசனம் கிடையாதாமே," என்றாள் ஒருத்தி. "ஜெராக்ஸ் மிஷின் விதவையாயிடுச்சு," என்றாள் இன்னொருத்தி. ஓட்ஸ் டீச்சர் மட்டும் தன் சோளரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க. அன்னிக்குப் பரீட்சையில பதறிப்போய் உங்களைக் கூப்பிட்டதத் தவிர, முப்பது வருஷத்துல நான் ஒரு பையனையும் யார்கிட்டயும் அனுப்பினதில்ல. எங்களுக்கும் கை கால் இருக்கு," என்றார். ரென்ஃப்ரோ மிஸ் தட்டைத் தொடவே இல்லை.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கேவியன் வளைந்த மேசையில் உட்கார்ந்தாலும் பாதி கண் டார்ப்ளியின் இடுப்பில்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவன் ஒரு பக்கத்தின் நடுவில் இருந்தபோது, தாழ்வாரத்தின் கோடியில் நாற்காலி சுவரில் மோதும் சத்தம். இன்னொன்று. பிள்ளைகளின் அலறல். பிறகு ரென்ஃப்ரோ மிஸ்ஸின் குரல், வாக்கி டாக்கி இல்லாமலே கேட்டது: "டார்ப்ளி சார்! யாராவது டார்ப்ளி சாரைக் கூப்பிடுங்க!"

கேவியனின் விரல் நின்றது. அவன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

டார்ப்ளியின் கால்கள் எழப் பார்த்தன. உடம்பு முழுக்க அந்தப் பக்கம் இழுத்தது. ஐந்து வயசுப் பிள்ளை, அதற்கும் வீட்டில் அப்பன் இல்லை, அதுவும் தன்னைத்தான் கூப்பிடுகிறது. நாற்காலி வீசுவது வேறெதற்கு? அது அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும். அவர் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இப்படியொரு பாரத்தை ஒரே மனுஷன் தலையில் ஏன் வைத்தார்கள் என்று நமக்கே தோன்றும்.

"எங்க விட்டோம் தம்பி?" என்றார்.

"சார், கூப்பிடுறாங்க."

"கேக்குது. எங்க விட்டோம்?"

கேவியன் வரியைக் காட்டினான். படித்தான். அந்தப் பக்கம் முடிந்தது, அடுத்த பக்கமும் முடிந்தது. எதிர்க்கோடியில் சத்தம் எப்போது ஓய்ந்தது என்று இருவருக்கும் தெரியாது.

ரென்ஃப்ரோ மிஸ்ஸுக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். பூக்கியை மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டார்ப்ளி மதியம் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் வீங்கின உதட்டோடு, "கடைசியில நானே தரையில உக்காந்து கட்டிப் புடிச்சுக்கிட்டேன் சார். கடிச்சான். விடல. தூங்கிட்டான்," என்றாள். அவளுக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, தன்மேல் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பூக்கி திரும்பி வந்த பிறகு டார்ப்ளி தினமும் சாப்பாட்டு நேரத்தில், யாரும் கூப்பிடாமல், பாலர் வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிஷம் கதை படித்தார். "நாற்காலி தரையில இருந்தாத்தான் வருவேன்" என்று அவனிடம் ஒப்பந்தம். சில நாள் இருந்தது. சில நாள் இல்லை. இல்லாத நாள் அவர் போகவில்லை. அந்த நாட்களில் தன் சாண்ட்விச்சைத் தின்ன முடியாமல் தூக்கிப் போட்டார்.

கேவியன் ஏறினான். மூன்று வாரத்தில் ஏறக்கூடிய அளவுக்கு ஏறினான். தெரியாத வார்த்தை வந்தால் உடைத்து உடைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டான். கடல்கொள்ளைக்காரன் மாட்டிக்கொண்ட பக்கத்தில், "இவன் முட்டாள் சார், கப்பலை எரிச்சிருக்கணும்" என்று கோபப்பட்டான். அப்படிக் கோபப்படுகிறவன் தேறிவிடுவான் என்று டார்ப்ளி மனதுக்குள் முடிவு கட்டினார்.

மறுபரீட்சைக்கு முந்தின நாள் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓடிய பிறகு கேவியன் மட்டும் நின்றான்.

"சார், நாலாங் கிளாஸ்ல எனக்கு யாரு?"

"ஹோல்காம் டீச்சர். நல்லா எடுப்பாங்க."

"அஞ்சாங் கிளாஸ்ல?"

"அங்க ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருமே நல்லவங்க."

"ரெண்டு பேரும் டீச்சர்."

"ஆமா."

கேவியன் பென்சில் டப்பாவைத் திறந்தான், மூடினான். "நாளைக்கு நான் பெயிலானா இங்கயே இருப்பேனா? உங்ககிட்டயே?"

டார்ப்ளி மூன்று வாரம் பாடுபட்டு அந்தப் பையனுக்குத் தேற வழி காட்டினார். தேறாமல் இருக்க ஒரு காரணத்தையும் தானே கொடுத்திருக்கிறார். ஒரு பொய் போதும். 'அடுத்த வருஷம் நானும் நாலாங் கிளாஸுக்கு வரேன்' என்று சொன்னால் பையன் சிரித்துக்கொண்டே போய் எழுதிவிடுவான். அது நாக்கு நுனிவரை வந்தது. மெம்ஃபிஸிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிற குரலும் இப்படித்தானே சொல்லும் என்று நினைத்தார். விழுங்கிவிட்டார்.

"ஆமா," என்றார். "பெயிலானா இங்கதான் இருப்ப. இதே மேசை. நான்தான்."

பையன் காத்திருந்தான். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தான். "போய் விளையாடு" என்று மட்டும் சொன்னார். அவன் போன பிறகு, என்ன காரியம் செய்தோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஓட்ஸ் டீச்சர் அறையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தம் டார்ப்ளியை மேசை கவிழ்ந்த சத்தத்தைவிட அதிகமாகப் படுத்தியது. வெளியே வந்த கேவியன் எதுவும் சொல்லாமல் சாப்பிடப் போனான்.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. டில்லரி அம்மா தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கே நடந்து வந்தார், மூட்டு வலியோடு. தேறாத ஐந்து பேரில் நான்கு பேர் பாஸ். ஐந்தாவது பையனுக்கு ஜூலையில் இன்னொரு வாய்ப்பு. கேவியன் நான்கு பேரில் ஒருவன், வேண்டிய மதிப்பெண்ணைவிடப் பதினாறு அதிகம்.

ஷரீட்டா ஆலையிலிருந்து பூட்ஸோடு ஓடி வந்தாள். பையனைக் கட்டிக்கொண்டாள், டில்லரி அம்மாவைக் கட்டிக்கொண்டாள், டார்ப்ளியின் கஞ்சி போட்ட சட்டையிலும் மீன் வாடையை ஒட்டிவிட்டாள். "அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன் சார்" என்றாள். "சரியாத்தான் பேசினீங்க" என்றார் அவர்.

அம்மாவும் பிரின்சிபலும் தாளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கேவியன் டார்ப்ளி பக்கம் வந்தான்.

"சார், கடைசியில ஏழு கேள்வி எனக்குத் தெரியும். வேணும்னே தப்பா அமுக்கலாம்னு பாத்தேன்."

"எத்தனை அமுக்கின?"

"ஒண்ணும் அமுக்கல."

"ஏன் தம்பி?"

கேவியன், இது என்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தான். "பூக்கி அவ்ளோ கத்தியும் நீங்க எந்திரிக்கலையே சார்" என்றான். "நான் எப்படித் தப்பா அமுக்குறது?"

டார்ப்ளி டையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார், அது சரியாகத்தான் இருந்தது. அந்தக் கையைப் பையனின் தலைமேல் வைத்தார். அழக் கூடாது என்றுதான் நினைத்தார், ஆனால் அழுதுவிட்டார். ஷரீட்டா திரும்பிப் பார்த்து, "என்னடா சொன்ன சார்கிட்ட?" என்று அதட்டினாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றான் கேவியன். "நாலாங் கிளாஸ் போறேன்னு சொன்னேன்."